தீவிரக் கொப்புள சோரியாசிஸ்: வெள்ளணு வடிகட்டலா, மாத்திரையா, ஊசியா?

உடம்பெல்லாம் நெருப்பாகச் சிவந்து, அதன்மேல் ஊசிமுனை அளவில் மஞ்சள் வெள்ளைச் சீழ்ப்புள்ளிகள் கிளம்பும். சில மணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து சின்னச் சின்னக் குட்டைகளாகத் தேங்கி நிற்கும். கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம், எழுந்து உட்கார முடியாத சோர்வு. உடல் முழுதும் பரவும் கொப்புள சோரியாசிஸ் தீவிரமாக வெடிக்கும்போது, நோயாளியும் குடும்பமும் இந்த நிலையில் இருந்துகொண்டுதான் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மாத்திரையா, ஊசியா, ரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டித் திரும்பவும் உள்ளே செலுத்தும் முறையா என்று தடுமாறுவது இயல்பு. எந்த மருந்து வலிமையானது என்று கேட்பதைவிட, இந்த வாரம் இந்த உடம்பு எதைத் தாங்கும் என்று கேட்டால் சரியான வழி சீக்கிரம் தெரியவரும்.

## பெயரால் வரும் குழப்பம்

'ரத்த சுத்திகரிப்பு' என்று சொல்லிவிடுவதால், ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது, அதைக் கழுவினால் தோல் சரியாகிவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்த நோயில் ரத்தத்தில் அழுக்கு எதுவும் சேர்வதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸும் இதுவும் வேறு வேறு. கிருமியை எதிர்க்க வேண்டிய நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள், கிருமியே இல்லாத இடத்தில் கிளர்ந்தெழுந்து தோலுக்குள் புகுவதுதான் நோய். கொப்புளத்தில் தெரியும் சீழ் அந்த அணுக்களின் குவியல். அதைப் பரிசோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தாலும் கிருமி வளராது.

அந்த அணுக்களைத் தோலுக்கு அழைக்கும் சமிக்ஞைகளில் முக்கியமானது ஐஎல்-36. அதைக் கட்டுக்குள் வைக்கும் புரதத்தின் மரபணுவில் சிலருக்குப் பழுது இருப்பது 2011இல் கண்டறியப்பட்டது. சிகிச்சைகளின் வேறுபாடும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்பெசோலிமாப் ஊசி அந்த அழைப்பையே துண்டிக்கிறது. சைக்ளோஸ்போரின், 'டி' அணுக்கள் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்களை அடக்குகிறது. அசிட்ரெட்டின் தோல் அணுக்களின் வளர்ச்சியை மாற்றுகிறது. வடிகட்டல் முறையோ கிளர்ந்த வெள்ளணுக்களையே வழிமறித்துப் பிடிக்கிறது.

## தேர்வுக்கு முன் உறுதி செய்ய வேண்டியவை

முதலாவது, இது மருந்து ஒவ்வாமையால் வந்த கொப்புளமா என்பது. ஆன்டிபயாடிக் போன்ற ஒரு மருந்து தொடங்கிய சில நாட்களுக்குள், இதேபோன்ற சீழ்ப்புள்ளிகள் காய்ச்சலோடு வரலாம். அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். கீழே சொல்லும் எதுவும் தேவைப்படாது. கடந்த ஒரு மாதத்தில் உட்கொண்ட எல்லா மருந்துகளையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, ரத்தத்தில் கிருமித் தொற்று உண்டா என்பது. காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, சிஆர்பி (உடலின் அழற்சியைக் காட்டும் ரத்த அளவு) மூன்றும் தொற்றிலும் உயரும், இந்த நோயிலும் உயரும். அந்த எண்களை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தாக வேண்டும். உரிந்த தோல் வழியாகக் கிருமி உள்ளே போவது எளிது என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

மூன்றாவது, ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ அண்மையில் திடீரென நிறுத்தப்பட்டதா என்பது. மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ எடுத்ததாகக்கூட இருக்கலாம். இந்த வெடிப்பை மிக அடிக்கடி தூண்டிவிடும் காரணங்களில் இதுவும் ஒன்று. கால்சியம் குறைவையும் பார்க்க வேண்டும். இந்நோயில் ஆல்புமின் என்னும் ரத்தப் புரதம் குறைந்துவிடுவதால், அதைக் கணக்கில் கொண்டு திருத்திய கால்சியம் அளவைத்தான் நம்ப வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

- வேகம். மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று உள்ளுறுப்புகள் தொடப்பட்டிருந்தால் நாட்கணக்கில் வேலை செய்யும் வழி வேண்டும். நோய் பல வாரமாக இழுத்துக்கொண்டிருந்தால் வாரக்கணக்கு போதும்.
- பழைய தொற்றும் புதிய தொற்றும். காசநோய், ஹெபடைட்டிஸ் பி, முன்பு வந்த புற்றுநோய்.
- கர்ப்பம். இப்போதையது மட்டும் போதாது, அடுத்த மூன்று ஆண்டுத் திட்டமும் சொல்லப்பட வேண்டும்.
- கல்லீரல், சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம்.
- கை நரம்புகள், அதாவது ஊசி ஏற்றும் ரத்தக் குழாய்கள். பலரும் கேட்க மறக்கும் இந்த ஒன்றுதான் வடிகட்டலில் முடிவைத் தீர்மானிக்கும்.
- அடங்கிய பிறகு என்ன. வெடிப்பை அடக்குவது ஒரு வேலை, மறுபடி வராமல் காப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்க வேண்டும் என்பதில்லை.

## வழி 1: வெள்ளணு வடிகட்டல்

மருத்துவர்கள் இதை ஜிஎம்ஏ என்பார்கள். உள்ளங்கையில் அடங்காத ஒரு பிளாஸ்டிக் குழலுக்குள், தினை அளவில் (2 மில்லிமீட்டர்) செல்லுலோஸ் அசிட்டேட் மணிகள் சுமார் 35,000 நிரம்பியிருக்கும். ரத்தம் அவற்றின் இடையே ஊர்ந்து போகும்போது, கிளர்ந்த நியூட்ரோபில்களும், மோனோசைட் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்களும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். லிம்ஃபோசைட் வகை வெள்ளணுக்கள் பெரும்பாலும் தப்பிப் போய்விடும். சல்லடைபோல அளவு பார்த்து இது பிரிப்பதில்லை. மணியின் மேற்பரப்பில் படியும் ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட் புரதங்களும்தான் (இரண்டும் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள்) அந்த அணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன.

நடைமுறை இப்படி. முதலில் குழலையும் இணைப்புக் குழாய்களையும் லிட்டர் கணக்கில் சலைன் விட்டு அலசி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுவார்கள். குமிழி தங்கிய இடத்தில் ரத்தம் ஓடாது. உறைதல் தொடங்குவதும் அங்கேதான். பிறகு ஒரு முழங்கை மடிப்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, குழல் வழியாக ஓடவிட்டு, மறு கையில் ஏற்றுவார்கள். நிமிடத்துக்கு 30 மில்லி, ஒரு மணி நேரம், ஆக 1,800 மில்லி. உறையாமல் இருக்க ஹெப்பாரின் சேர்ப்பார்கள். ஜப்பானில் பெரும்பாலும் நஃபாமோஸ்டாட் என்னும் வேறொரு உறைதடுப்பு மருந்து பயன்படுகிறது. அது சில நிமிடங்களிலேயே வீரியம் இழப்பதால் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்குச் சாதகம். வாரம் ஒருமுறை, மொத்தம் 5 முறை என்பது வழக்கமான ஒரு சுற்று.

ஆதாரம் எவ்வளவு? 2013இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், வழக்கமான மருந்துக்கு அடங்காத 15 பேர் சேர்க்கப்பட்டார்கள். மதிப்பிடப்பட்ட 14 பேரில் 12 பேருக்குப் பலன் கிடைத்தது. நல்ல விகிதம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை என்பதை மனத்தில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஜப்பானில் 2012 முதல் இந்த நோய்க்கு இது காப்பீட்டில் அடங்குகிறது. மருந்து பலிக்காத அல்லது மருந்து கொடுக்க முடியாத, மிதமான நிலைக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையே இம்முறைக்கு உரிய இடத்தைச் சரியாகக் காட்டிவிடுகிறது.

எங்கே சிக்கும்? பெரும்பாலும் நரம்பில். சாதாரண டிரிப் ஊசியைவிடத் தடித்த ஊசி வேண்டும். இந்த நோயாளிகளோ தோல் வழியாக நீரை இழந்து வறண்டிருப்பார்கள், நரம்பு சுருங்கியிருக்கும். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச நரம்புச் சுவர் ஊசி வாயில் ஒட்டிக்கொள்ளும், அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். முந்தைய நாளிலிருந்தே நீர்ச்சத்தைச் சரிசெய்து, கையை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் பாதித் தொல்லை குறையும். ஊசியைப் பிசின் பிளாஸ்டரால் ஒட்டக் கூடாது. பிரிக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். துணிக்கட்டுப் போட்டு நிறுத்துவதே சரி.

கை நரம்பு கிடைக்காவிட்டால் தொடையிலோ கழுத்திலோ கதீட்டர் போடலாம் என்று பேச்சு வரும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிதானியுங்கள். புண்பட்ட தோல் வழியாகப் பெரிய நரம்புக்குள் போகும் குழாய் தொற்றுக்கு வாசல் திறந்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்காத முறை என்பதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள். அந்தச் சாதகம் அத்தோடு போய்விடும். கை நரம்பு இல்லாதவருக்கு வேறு வழியைத் தேடுவதே நல்லது.

அடுத்த சிக்கல் உறைதல். குழலுக்கு முன்னாலுள்ள அழுத்தமானி மெல்ல ஏறும், வெண்மணிகளுக்கிடையே கருஞ்சிவப்புக் கோடுகள் தென்படும். உறைதடுப்பு மருந்து போதவில்லை, அல்லது நரம்பிலிருந்து ஓட்டம் விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். முற்றிலும் அடைத்துவிட்டால் குழலுக்குள் இருக்கும் ரத்தம் திரும்பாது. ரத்தசோகை உள்ளவருக்கு அது சின்ன இழப்பு அல்ல. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், லேசான காய்ச்சல் வரலாம். ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

தொற்று விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. இது மருந்து இல்லை, அதனால் தொற்று இருக்கும்போதும் செய்யலாம் என்பார்கள். பழைய காசநோய், ஹெபடைட்டிஸ் பி, புற்றுநோய் வரலாறு உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல் என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் கிருமி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதை எதிர்க்கும் நியூட்ரோபில்களைப் பிடித்து எடுப்பது கூடாது. முதலில் ஆன்டிபயாடிக், தொற்று அடங்கிய பிறகே வடிகட்டல். கிரானுலோசைட் (நியூட்ரோபில் உள்ளிட்ட வெள்ளணு வகை) எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 2,000க்குக் கீழே இருந்தாலும் கூடாது.

ஒவ்வொரு முறைக்குப் பின்னும் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்து, குறையவே இல்லையே என்று பதற வேண்டாம். பிடிபட்ட அணுக்களுக்குப் பதிலாக எலும்பு மஜ்ஜை இளம் அணுக்களை அனுப்பிவிடும். அவை அந்த அளவு கிளர்ந்தவை அல்ல. பலனைத் தோலிலும் காய்ச்சலிலும் பாருங்கள்.

## வழி 2: சைக்ளோஸ்போரின்

நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. வேகமானது, ஓரிரு வாரத்தில் மாற்றம் தெரியும். நரம்பும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

மறைந்திருக்கும் சுமை சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. தொடங்கும் முன் இரண்டு முறை கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவு) பார்த்து அடிப்படை அளவைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். அதிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் மறுபடி சோதித்து, உயர்வு நிலைத்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தமும் ஏறும். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். உடல் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எடுத்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஆண்டுக்கணக்கில் தொடரவும் முடியாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, அடுத்த மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்க இது மிக நல்ல மருந்து. கர்ப்பத்திலும் தேவைப்பட்டால் கண்காணிப்போடு தருகிறார்கள்.

## வழி 3: அசிட்ரெட்டின்

கிலோவுக்கு 0.75 முதல் 1 மி.கி. வரை தொடங்கி, அடங்கியதும் குறைப்பார்கள். ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொப்புளம் வருவது குறையும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்காது என்பது இதன் பெரும் பலம். வடிகட்டலுடன் சேர்க்க இயல்பாகப் பொருந்துவதும் இதுவே.

கருவைக் கடுமையாகப் பாதிக்கும். நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. மது அருந்தினால் உடலில் இது எட்ரெட்டினேட்டாக மாறி இன்னும் நீண்ட காலம் தங்கும். இருமல் மருந்தில் உள்ள ஆல்கஹாலும் கணக்கில் சேரும். எனவே குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கடைசியாக எண்ணுவதே முறை. உதடு வெடிப்பு, முடி உதிர்வு, கொழுப்பு ஏற்றம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. டாக்சிசைக்ளினோடு சேர்த்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறலாம். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்தால் கல்லீரல் தாங்காது.

மெத்தோட்ரெக்சேட் இந்த வெடிப்பின் நடுவில் மெதுவானது, பின்னாளைய பராமரிப்புக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்கும் மாத்திரை அது. தினமும் எடுத்துவிட்டு எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

## வழி 4: இன்ஃப்ளிக்சிமாப் முதலிய உயிரியல் ஊசிகள்

உயிரியல் ஊசிகள் என்பவை அழற்சிச் சமிக்ஞை ஒன்றைக் குறிவைத்துத் தடுக்கும் புரத மருந்துகள். இன்ஃப்ளிக்சிமாப் கிலோவுக்கு 5 மி.கி.; 0, 2, 6ஆம் வாரங்களில், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக. இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் தணிந்து கொப்புளம் வாடத் தொடங்குவதுண்டு. பதுங்கியிருக்கும் காசநோயும் ஹெபடைட்டிஸ் பியும் கிளம்பக்கூடும் என்பதால் சோதனை கட்டாயம். தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவருக்குப் பொருந்தாது. நாளடைவில் மருந்துக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி உருவாக்கிப் பலன் தேய்வதும் நடக்கும். ஐஎல்-17, ஐஎல்-23 என்னும் வேறு சமிக்ஞைகளைத் தடுக்கும் ஊசிகள் நீண்டகாலக் காப்புக்கு நல்லவை. அவற்றில் சில ஜப்பானில் இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்றவை.

## வழி 5: ஸ்பெசோலிமாப்

இந்த வெடிப்புக்கென்றே உருவான மருந்து. 900 மி.கி., 90 நிமிடத்தில் நரம்பு வழியாக. வெடிப்பு நீடித்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு 900. 2021இல் வெளியான ஆய்வில் 53 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் எதுவும் இல்லாத நிலையை எட்டியவர்கள், மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம். இந்தப் பட்டியலில் வேகத்துக்கு மிகத் திடமான ஆதாரம் உள்ளது இதுதான். அமெரிக்காவில் 2022இல் வெடிப்புச் சிகிச்சைக்கும், 2024இல் தோலடி ஊசியாக மறுவெடிப்பைத் தடுக்கவும் ஒப்புதல் கிடைத்தது.

அதே முதல் வாரத்தில் தொற்று வந்தவர்கள் 17 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 6 சதவீதம். தீவிரத் தொற்று இருக்கும்போது தொடங்குவதில்லை, காசநோய்ச் சோதனையும் வேண்டும். நடைமுறையில் இடறுவது கிடைக்கும் நேரம்: வெடிப்பு நாட்களில் நடக்கிறது, அனுமதிக்கும் வரவழைப்பதற்கும் வாரங்கள் ஆகலாம். மீண்டும் மீண்டும் வெடிப்பு வருபவர்கள், அமைதியாக இருக்கும் காலத்திலேயே இதைப் பேசி முடித்து வைப்பது புத்திசாலித்தனம்.

பிளாஸ்மா மாற்று சிகிச்சையையும் இதே பேச்சில் இழுத்துவிடுவார்கள். அது ரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றுகிறது; இங்கே பிரச்சினை அணுக்களில். ஏற்கெனவே கொடுத்த உயிரியல் ஊசியையும் அது சேர்த்து வெளியேற்றிவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரியும் காலம் | பழைய காசநோய், ஹெபடைட்டிஸ் பி | கர்ப்பம் | மறைந்திருக்கும் சுமை |
|---|---|---|---|---|
| வடிகட்டல் | 2–3 வாரம் | சாதகம் | செய்த குறிப்புகள் உண்டு | நரம்பு, வாராந்திர வருகை, பலன் தேய்தல் |
| சைக்ளோஸ்போரின் | 1–2 வாரம் | எச்சரிக்கை | கண்காணிப்போடு | சிறுநீரகம், ரத்த அழுத்தம் |
| அசிட்ரெட்டின் | 7–10 நாள் | சாதகம் (கல்லீரல் பார்த்து) | கூடவே கூடாது | 3 ஆண்டுக் கருத்தடை, கொழுப்பு |
| இன்ஃப்ளிக்சிமாப் | 2–3 நாள் | முன்சிகிச்சை தேவை | தேவைப்பட்டால் | எதிர் ஆன்டிபாடி |
| ஸ்பெசோலிமாப் | நாட்களிலிருந்து 1 வாரம் | சோதனை கட்டாயம் | மருத்துவரின் முடிவு | கிடைக்கும் நேரம் |

## யாருக்கு எது

மூச்சுத்திணறலோ குழம்பிய பேச்சோ இருந்தால் வடிகட்டலுக்காகக் காத்திருக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவும் வேகமான மருந்தும்தான் வழி. ஸ்பெசோலிமாப் கையில் இருந்தால் அது, இல்லாவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது சைக்ளோஸ்போரின்.

வடிகட்டல் உண்மையாகவே முந்தி நிற்கும் ஆள் வேறு: சிறுநீரகம் பழுது, கல்லீரல் சரியில்லை, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அதிக காலம் ஆகவில்லை, அல்லது ஊசிகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்துவிட்டன, ஆனால் கை நரம்பு நன்றாக இருக்கிறது, நோய் உயிரை உடனே அச்சுறுத்தவில்லை. இவருக்கு இது கடைசிப் புகலிடம் என்று தள்ளிவைக்கப்படுவது வருத்தத்துக்குரியது. நரம்புகள் கெட்டுப்போகும் முன் செய்தால்தான் இது கைகொடுக்கும்.

கர்ப்பிணிக்கு அசிட்ரெட்டினும் மெத்தோட்ரெக்சேட்டும் முற்றிலும் விலக்கு. கால்சியத்தைச் சரிசெய்து, ஸ்டீராய்டு அல்லது சைக்ளோஸ்போரினில் தொடங்குவது வழக்கம். அது போதாதபோது, மருந்தின் சுமை ஏறாமல் வடிகட்டலைச் சேர்த்து நன்மை கண்டதாகத் தனிப்பட்ட மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவர் உடனிருந்து, ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடிகட்டலைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு முறைக்கும் முந்தைய நாள் ஒரே இடத்தை, ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, அன்றைய அதிகபட்சக் காய்ச்சலையும் எடையையும் குறித்து வையுங்கள். மூன்றாவது முறை முடிந்தும் புதுக் கொப்புளம் அதே அளவில் வந்துகொண்டிருந்தால், ஐந்தையும் முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இழுக்காமல் அடுத்த வழியைப் பேச வேண்டும். முன்னேற்றம் தெரிந்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சைக்ளோஸ்போரினையோ ஸ்டீராய்டையோ முதல் நாளே நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது முறையில் தோல் அடங்குவது உறுதியான பிறகு, படிப்படியாகவே குறைக்க வேண்டும். உயிரியல் ஊசி போட வேண்டிய நாளும் வடிகட்டும் நாளும் ஒன்றாக வந்தால், வடிகட்டி முடித்த பிறகு ஊசி. தசையில் போடும் ஊசி எதுவாயினும் மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். ஹெப்பாரினின் வீரியம் இருக்கும்போது போட்டால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.